கிற்றார் தெரிந்தால் பான்ஜோ தெரியுமா?

கேள்வி: நான் கல்லடியில் இருக்கிறேன். கோயில் பாடகர் குழாமில் பல வருடமாகக் கிற்றார் வாசிக்கிறேன். யூடியூப்பில் பான்ஜோ கேட்டுக் கேட்டு ஆசை வந்துவிட்டது. மூன்று விரலால் வேகமாக உருட்டி வாசிப்பார்களே, அந்த அமெரிக்க நாட்டுப்புற வாசிப்புத்தான் எனக்குப் பிடித்தது. கொழும்பில் ஒருவர் பாவித்த ஆறு கம்பிப் பான்ஜோ ஒன்று விற்க இருப்பதாகப் பதிவு போட்டிருக்கிறார். "கிற்றார் தெரிந்தால் போதும், புதிதாக ஒன்றும் பழகத் தேவையில்லை" என்கிறார். நம்பி வாங்கலாமா ஐயா?

பதில்: தம்பி, அவர் சொல்வது இடது கைக்குச் சரி, வலது கைக்குச் சரியில்லை. நீங்கள் ஆசைப்பட்ட வாசிப்புக்கோ அந்தப் பான்ஜோ பொருந்தவே பொருந்தாது.

ஆறு கம்பிப் பான்ஜோ என்பது பான்ஜோவின் வட்டத் தோல் உடலில் கிற்றாரின் நெக்கை, அதாவது நீண்ட கழுத்தைப் பூட்டியது. சுருதியும் கிற்றாரின் அதே ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ. தெரிந்த கோர்ட்ஸ் எல்லாம் அன்றைக்கே கைக்கு வரும். இதைப் போலிப் பான்ஜோ என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ரோங்கின் ஹொட் ஃபைவ் குழு 1925இல் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியபோது ஜொனி சென்ற் சீர் அதில் வாசித்தது ஆறு கம்பிப் பான்ஜோதான். பெயர்பெற்ற ஜாஸ் கிற்றார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் இளவயதில் பாரிஸ் நடன மண்டபங்களில் இந்த வகையைத்தான் வாசித்தார்.

நீங்கள் கேட்டது ஐந்து கம்பிப் பான்ஜோ. அதன் ஐந்தாவது கம்பி நீளம் குறைந்தது. முடுக்கி நெக்கின் பக்கவாட்டில், ஐந்தாம் ஃபிரெட்டுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அருகே இருக்கும். கிற்றாரில் தடித்த கம்பி இருக்கும் இடத்தில், இங்கே எல்லாவற்றிலும் சுருதி உயர்ந்த ஜீ. பெருவிரல் அதைத் திரும்பத் திரும்பத் தொட, சுட்டுவிரலும் நடுவிரலும் மற்றக் கம்பிகளில் ஓடும். 1945இன் கடைசியில் புளூகிராஸ் எனும் அந்த நாட்டுப்புற இசைக்குப் பெயர்போன பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்றக்ஸ் உலகம் அறியச் செய்த உருட்டல் அதுதான். ஆறு கம்பியில் எவ்வளவு வேகமாக உருட்டினாலும் அந்த மினுக்கம் வராது. சிலர் ஆறு கம்பியின் ஐந்தாம் கம்பியான ஏயைக் கழற்றி, 9ஆம் இலக்க (0.009 அங்குலத் தடிப்பு) மெல்லிய கம்பியைப் போட்டு உயர்ந்த ஜீக்கு ஏற்றுகிறார்கள். ஓரளவு கிட்ட வரும். ஆனால் நெக்கின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் தடித்த கம்பிக்கு வெட்டிய பள்ளத்துக்குள் மெல்லிய கம்பி ஆடி இரையலாம்.

ஆகவே உருட்டல்தான் வேண்டுமென்றால் காசைச் சேர்த்து ஐந்து கம்பி வாங்குங்கள். பயப்பட ஒன்றுமில்லை. அதன் வழமையான சுருதியில் டீ, ஜீ, பீ மூன்றும் கிற்றாரின் நான்காம், மூன்றாம், இரண்டாம் கம்பிகளேதான். முதற்கம்பி மட்டும் ஈயிலிருந்து டீக்கு இறங்குகிறது. வலது கையைத்தான் முதலிலிருந்து பழக்க வேண்டும்.

பாட்டுக்குக் கோர்ட்ஸ் போட வேறொரு நாதம் வேண்டுமென்றால் ஆறு கம்பி நல்ல தெரிவு. அப்போதும் கிற்றாரைப்போல் ஆறையும் சேர்த்து அடிக்காதீர்கள். தோலில் பிறக்கும் ஒலி சட்டென்று அடங்கிவிடும். தடித்த கம்பிகளோ மொத்தமாக இரைந்து மற்றதை மூடிவிடும். மெல்லிய நாலு கம்பிகளை விரலால் பிரித்து வாசியுங்கள், தடித்த கம்பிகளை அங்கங்கே மட்டும் தொடுங்கள். சத்தமும் அதிகம். பாடுகிறவர்களின் குரலை அமுக்கினால் தோலுக்கும் உடலின் உள்ளே குறுக்கே ஓடும் தண்டுக்கும் இடையில் ஒரு துண்டுத் துணியை மடித்துச் செருகுங்கள்.

பார்க்காமல் காசு அனுப்ப வேண்டாம். நேரில் போனால் நெக்கை நீளவாட்டில் பார்த்து வளைவு இருக்கிறதா என்று கவனியுங்கள். தோலைச் சுற்றியுள்ள கொக்கிகள் எல்லாம் இருக்கின்றனவா, துருப்பிடித்திருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். வாவியும் கடலும் இருபுறமும் உள்ள கல்லடியில் துரு இன்னும் வேகமாக ஏறும். தோல் பிளாஸ்டிக்கா, மிருகத் தோலா என்று கட்டாயம் கேளுங்கள். மிருகத் தோல் மாரி மழைக்குத் தளர்ந்துவிடும். பறைமேளத்தைத் தீயில் காட்டுவதுபோல் பான்ஜோவைக் காட்ட முடியாது. நமக்குப் பிளாஸ்டிக்தான் சரி.

கேள்வி: அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். இணையத்தில் வாங்கிய ஆறு கம்பிப் பான்ஜோ வந்தபோது பிரிட்ஜ் கழன்று கிடந்தது. உடைந்த பொருளா? திருப்பி அனுப்பவா?

பதில்: உடையவில்லை. கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையான பிரிட்ஜைப் பான்ஜோவில் ஒட்டுவதில்லை. கம்பியின் இழுவைதான் அதைத் தோலில் நிறுத்துகிறது. வழியில் தோல் பழுதாகாமலிருக்கப் படுக்க வைத்தே அனுப்புவார்கள். நட்டிலிருந்து 12ஆம் ஃபிரெட் வரை அளந்து, அங்கிருந்து அதே தூரத்தில் பிரிட்ஜை நிறுத்துங்கள். பிறகு 12ஆம் ஃபிரெட்டின் நேர்மேலே கம்பியை விரலால் மெல்லத் தொட்டபடி மீட்டினால் வரும் மணியோசையும், அதே ஃபிரெட்டை அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தும்போது சுரம் உயர்ந்தால் பிரிட்ஜை நட்டிலிருந்து சற்றுத் தள்ளுங்கள். தடித்த கம்பிப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தள்ள வேண்டிவரும். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு நகர்த்துங்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். அக்கூஸ்ரிக் கிற்றாரின் தடித்த செட்டைப் போடவும் வேண்டாம். முதற்கம்பி 10 உள்ள லைட் செட் போதும்.

கேள்வி: பான்ஜோ என்று ஓடர் பண்ணினேன். கட்டைகளை அழுத்தி வாசிக்கும் பெட்டி ஒன்று வந்திருக்கிறது. கடை பில்லும் தரவில்லை. என்ன செய்யலாம்? (கல்முனை)

பதில்: வந்திருப்பது புல்புல்தாரா. நம் பக்கத்து நாடுகளில் அதையும் பான்ஜோ என்றே விற்கிறார்கள். முதலில் விளம்பரத்தைத் திரும்பப் பாருங்கள். படத்தில் இதே பெட்டிதான் இருந்ததென்றால் உங்கள் பக்கம் வலுவில்லை. படத்தில் வட்டப் பான்ஜோ இருந்தால், அது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தியது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வியாபாரிகளுக்கு அதைத் தடைசெய்கிறது. கேட்டால் பில் கொடுக்க வேண்டியதும் அவர்கள் கடமை. விளம்பரம், உரையாடல், பணம் அனுப்பிய சிட்டை எல்லாவற்றையும் படம்பிடித்து வைத்துக்கொண்டு முதலில் கடைக்கு எழுதுங்கள். மசியாவிட்டால் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாம். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். கடைக்காரர் "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று நாளைக் கடத்த விடாதீர்கள்.