தழும்பு மறைய கொலாஜன் பொடியும் க்ரீமும் உதவுமா? ஆறிய தோல் ஏன் பழையபடி இழுபடுவதில்லை?

இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் தெரிந்துவிட்டால், முதல் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. காது மடலில் வளர்ந்த ஒரு கெலாய்டோடு, அதாவது காயத்தின் எல்லை தாண்டிப் புடைத்து வளரும் தழும்போடு, பல வருடம் அல்லாடி, அதற்காகவே தேடித் தேடிப் படித்தவள்.

எங்கள் ஊர் வீரவநல்லூர் பக்கம். ஆச்சிக்குப் பாம்படக் காது, அதாவது பாம்படம் என்ற கனத்த காதணி போடுவதற்காக நீளமாக வளர்த்த காது. கைக்குழந்தையாக இருக்கும்போதே குத்தி, துளையில் பஞ்சு வைத்து, பிறகு காதை இழுக்கும் கனமான குணுக்கு மாட்டி, மாதக்கணக்கில் வடித்த காது. ஆச்சியின் தங்கைக்கும் அப்படித்தான் வடித்திருந்தார்கள். ஆனால் கல்யாணமாகிப் போன வீட்டில் தொங்கு காது நாகரிகமாக இல்லை என்று சொல்ல, சின்னாச்சி காதை அறுத்துத் தைத்துக் கம்மலுக்கு மாறிவிட்டார். அந்தத் தலைமுறையில் நிறையப் பெண்கள் அப்படி மாறியிருக்கிறார்கள்.

சின்ன வயதில் இரண்டு பேர் மடியிலும் மாறி மாறிப் படுத்துக்கொண்டு காதைப் பிடித்து விளையாடுவேன். ஆச்சி காது மெத்தென்று இருக்கும், இழுத்த பக்கம் வரும். சின்னாச்சி காதில் தையல் போட்ட இடம் மட்டும் உள்ளே ஒரு அரிசி கிடப்பது போலக் கெட்டி. அந்த இடம் இழுபடாது. "ஏட்டி, பையப் பிடி" என்று இருவருமே சொல்வார்கள். விரற்கடை அளவு இருந்த தோல் தோள் வரைக்கும் வளர்ந்தும் தழும்பில்லை. ஒரே ஒரு வெட்டு விழுந்த காதில் அறுபது வருடமாகத் தழும்பு. உங்கள் கேள்வி முழுக்க அந்த இரண்டு காதுக்குள்ளேயே இருக்கிறது.

தோலின் மேலடுக்கு மிக மெலிது. அது மட்டும் சிராய்த்தால் தழும்பு வராது. அதற்குக் கீழே இருக்கிற டெர்மிஸ் என்ற கெட்டியான அடுக்கு வரை வெட்டு இறங்கும்போதுதான் தழும்பு. டெர்மிஸின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கொலாஜன் என்ற நார்ப் புரதம். எலாஸ்டின் என்ற இன்னொரு நார்ப் புரதம் 2 முதல் 4 சதவீதம்தான். கொலாஜன் கயிறு மாதிரி, எவ்வளவு இழுத்தாலும் லேசில் அறாது, நீளவும் நீளாது. எலாஸ்டின் ரப்பர் மாதிரி, இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும். நல்ல தோலில் கொலாஜன் கற்றைகள் நெளிநெளியாக, எல்லாத் திசையிலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். தோலை இழுக்கும்போது முதலில் அந்த நெளிவு நிமிரும். விட்டதும் எலாஸ்டின் நார்கள் அதைப் பழைய நெளிவுக்கே கொண்டுவந்துவிடும்.

எங்கள் ஊரிலிருந்து பத்தமடை ரொம்ப தூரமில்லை. அங்கே பாவு நூலுக்கு ஊடே கோரையை ஒவ்வொன்றாகக் கொடுத்து நெய்த பாயை எந்தப் பக்கமும் சுருட்டலாம். அந்தப் பாயில் ஓரிடம் கிழிந்துவிட்டது, வீட்டில் தறி இல்லை. ஓட்டையை அடைக்க ஒரு பிடி கோரையை ஒரே வாக்கில் அடுக்கி இறுக்கிக் கட்டுகிறோம் என்று வையுங்கள். ஓட்டை மூடிவிடும். ஆனால் அந்த இடத்தில் பாய் சுருளாது. தழும்பு அந்த ஒட்டுதான். வெட்டுப்பட்ட இடத்துக்கு ஓடி வரும் நார் செல்களுக்கு அழகு முக்கியமில்லை, அடைப்பதுதான் அவசரம். முதலில் மூன்றாம் வகைக் கொலாஜனை அள்ளிப் போடுகின்றன. பிறகு மாதக்கணக்கில் அதைக் கரைத்துக் கரைத்து, அந்த இடத்தில் பலமான முதல் வகையை வைக்கின்றன. அப்படி வைக்கிற கற்றைகள் பெரும்பாலும் இழுவிசை போகும் திசையிலேயே ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கப்படுகின்றன. பழைய பின்னல் திரும்புவதில்லை.

எலாஸ்டினின் கதை இன்னும் வருத்தமானது. தாய் வயிற்றிலும் குழந்தைப் பருவத்திலும்தான் உடம்பு அதைத் தாராளமாகச் செய்கிறது. செய்தது பல பத்தாண்டுகள் நிற்கும். அதன் அரை ஆயுள் சுமார் 70 ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது அறுந்துபோனால் ஒழுங்கான நாராகத் திரும்ப வருவது அரிது. அதனால்தான் தழும்பு இழுபடுவதில்லை. பலமும் முழுதாக வராது. முதல் வாரத்தில் பழைய பலத்தில் 3 சதவீதம், மூன்று வாரத்தில் 20 முதல் 30, மூன்று மாதம் கழித்து சுமார் 80. அதற்கு மேல் போவதில்லை. தையல் பிரித்த மறுநாளே தண்ணீர்க்குடம் தூக்காதே என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

இப்போது முதல் பாதிக்கு வரலாம். தழும்பில் கொலாஜனுக்குப் பஞ்சமே கிடையாது. மேடாகிப்போன தழும்பில் அளவுக்கு அதிகமாகவே இருக்கிறது. கெட்டிருப்பது பின்னல், தொலைந்திருப்பது எலாஸ்டின். க்ரீமில் இருக்கும் கொலாஜன் மூலக்கூறின் எடை சுமார் 3 லட்சம் டால்டன் (மூலக்கூறுகளை எடை போடும் அலகு). தோலைத் தாண்டி உள்ளே போக ஏறத்தாழ 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும். அதனால் அது மேலே ஈரப்பசையாக நிற்கும், அவ்வளவுதான். பொடி வயிற்றில் செரித்து அமினோ அமிலங்களாகவும் குட்டித் துண்டுகளாகவும் உடைந்து போகிறது. இது தழும்புக்கு என்று உடம்பு அதை எடுத்து வைப்பதில்லை. அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

கொலாஜன் என்றதும் நமக்குப் பெருமையான ஒரு விஷயமும் உண்டு. அதன் வடிவத்தை முதலில் சொன்னது சென்னைப் பல்கலைக்கழகம்தான். 1954இல் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அது மூன்று இழை முறுக்கிய புரி என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்த முறுக்கு தளராமல் நிற்க வைட்டமின் சி வேண்டும். அது அடியோடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1740களில் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதியின் உலகப் பயணத்தில் மாலுமிகளுக்கு வைட்டமின் சி இல்லாததால் வரும் ஸ்கர்வி நோய் வந்தது. அதில் ஒரு கிழவர், 1690இல் அயர்லாந்தின் பாய்ன் (Boyne) ஆற்றுப் போரில் காயம்பட்டவர். ஐம்பது வருடத்துக்கு முன் ஆறிய அந்தக் காயம் கப்பலில் மறுபடி வாய் திறந்துவிட்டது. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. செத்த இடம் என்று நாம் நினைக்கிற தழும்புக்குள் கரைப்பதும் கட்டுவதும் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்காக நெல்லிக்காய் தின்றால் தழும்பு மறையும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குறை இருந்தால் அது நிரப்பும், அவ்வளவே.

சரி, ஆச்சி காது ஏன் தழும்பாகவில்லை? முதலில் குத்திய துளையைத் தவிர அங்கே எதுவும் அறவில்லை. பல மாதம் மெதுவாக, விடாமல் இழுக்கும்போது தோல் செல்கள் பெருகிப் புதுத் தோலே வளர்கிறது. 1957இல் நியூமன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தோலுக்கடியில் பலூன் வைத்து, பைய ஊதித் தோலை வளர்த்தார். அதுவும் காதைச் சரிசெய்யத்தான்! எங்கள் ஊர்ப் பெண்கள் குணுக்கை வைத்துச் செய்ததும் அதே வேலை. வெட்டு விழுந்த இடத்தில் இழுவை வந்தால் கதையே வேறு. அப்போது நார் செல்கள் இன்னும் இன்னும் கொலாஜனைக் கொட்டும். நெஞ்சிலும் தோளிலும் தழும்பு மேடு தட்டுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கெலாய்டு இதையும் தாண்டியது. சாதாரண மேட்டுத் தழும்பு வெட்டின எல்லைக்குள் நிற்கும். கெலாய்டு எல்லை தாண்டி நல்ல தோலுக்குள் கால் வைக்கும். பெயரே நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம்மைப் போன்ற கருத்த தோலில் அதிகம், குடும்பத்திலும் ஓடும். இழுவையே இல்லாத காதுமடலில் வருவதுதான் இதில் விசித்திரம். என் அம்மாவின் புஜத்தில் தடுப்பூசித் தழும்பு புளியங்கொட்டை போலப் புடைத்திருக்கும். அதை ஒரு எச்சரிக்கையாக நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும்போது தோழிகளோடு போய் காதின் மேல்மடலில் குத்திக்கொண்டேன். நாலு மாதத்தில் மிளகு, ஒரு வருடத்தில் சுண்டைக்காய். ஒரு இடத்தில் "சின்னக் கட்டிதான்" என்று வெட்டி எடுத்தார்கள். வேறெதுவும் செய்யவில்லை. எட்டு மாதத்தில் நெல்லிக்காய் அளவுக்குத் திரும்ப வந்தது. வெட்டி மட்டும் விட்டால் 45 முதல் 100 சதவீதம் வரை திரும்பும் என்று மருத்துவ நூல்களில் இருப்பதைப் பிற்பாடு படித்தபோது அழுகைதான் வந்தது. அதை யாராவது ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கலாம்.

அப்புறம் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் காட்டினேன். மாதம் ஒருமுறை ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, கட்டிக்குள்ளேயே. வலி உயிர் போகும், மறைக்க மாட்டேன். ஆனால் அது நார் செல்களின் அவசரத்தை அடக்கி, குவிந்த கொலாஜன் கரைய வழிவிடுகிறது. ஏழு ஊசியில் மேடு தணிந்தது. அந்த இடம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அது ஊசியின் பக்கவிளைவு.

உங்கள் தழும்பு புதிது என்றால் கையில் இருக்கிற நல்ல காலம் முதல் ஒரு வருடம்தான். காயம் முழுதாக மூடியபின் சிலிகான் ஒட்டுத்தாளை நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் இரண்டு மூன்று மாதம் ஒட்டுங்கள். நம் ஊர் வெயில் படாமல் மூடுங்கள், இல்லையென்றால் கருத்துப் போகும். அரிப்பும் புடைப்பும் தொடங்கினால் அந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். சுண்ணாம்பு, டூத் பேஸ்ட் எதுவும் வேண்டாம். குடும்பத்தில் கெலாய்டு இருந்தால் காது குத்தலைக் குழந்தைப் பருவத்திலேயே முடித்துவிடுங்கள். 11 வயதுக்குப் பிறகு குத்தும் காதில்தான் அது அதிகம் வருகிறது.

எந்த அறுவைச் சிகிச்சையானாலும் கத்தி படுவதற்கு முன்பே "எனக்குக் கெலாய்டு வரும்" என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிசேரியனுக்குச் சேர்ந்த அன்று நான் சொன்னேன். தையல் இழுபடாமல் போட்டார்கள், ஆறியதும் சிலிகான் தாளுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். என் மகளுக்கு இப்போது நாலு வயது. அந்தக் கோடு இன்றைக்கும் தட்டையாகவே இருக்கிறது.