நாக்கு சிக்கும் ஒரு சொல்

கேள்வி: 'எலக்ட்ரோஎன்செஃபலோகிராஃபிக்கலி' என்ற சொல்லை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொன்னார்கள். பாதியிலேயே நாக்கு சிக்கிக்கொண்டது, தோழிகள் சிரித்துவிட்டார்கள். எத்தனை அசை, எங்கே அழுத்த வேண்டும்? – நர்சிங் மாணவி, விழுப்புரம்

பதில்: சிரித்தவர்களை ஒருமுறை படிக்கச் சொல்லிப் பாருங்களேன்! ஆங்கிலத்தில் 27 எழுத்து. ஆனால் உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) தான்.

எலக்ட்ரோ என்றால் மின்சாரம். 'என்' உள்ளே, 'கெஃபலே' தலை; இரண்டும் கிரேக்கம். தலைக்குள் இருப்பது என்றால் மூளைதானே? கிராஃப், வரைவது. கடைசியில் உள்ள 'லி' நம்முடைய 'ஆக' மாதிரி, வினையடையாக்கும் ஒட்டு. ஆக மொத்தத்தில் 'மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் முறையில்'. 'வலிப்பு என்று எலக்ட்ரோஎன்செஃபலோகிராஃபிக்கலி உறுதிசெய்தார்கள்' என்று எழுதுவார்கள், வார்டில் 'இ.இ.ஜி.யில் தெரிந்தது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

மனித மூளையின் அலைகளை 1924இல் முதலில் பதிவு செய்து 1929இல் வெளியிட்ட ஜெர்மானியர் ஹான்ஸ் பெர்கர் 'எலெக்ட்ரென்கெஃபலோகிராம்' என்றுதான் பெயர் வைத்தார், 'க' ஒலியோடு. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் 'செ' ஆகிவிட்டது. அதனால் உங்கள் டாக்டர் யாராவது 'என்கெஃபலோ' என்றால் தப்பென்று நினைக்காதீர்கள்.

சரி, அசைக்கு வருவோம் (நேர், நிரை என்று யாப்பிலக்கணத்தைத் திறக்க வேண்டாம், இது வேறு கணக்கு). இ-லெக்-ட்ரோ-என்-செ-ஃப-லோ-கிரா-ஃபிக்-லி. பத்து. எழுத்துப்படி எண்ணினால் பதினொன்று வரும், ஏனென்றால் '-இக்கலி' என்று எழுதினாலும் பேச்சில் நடுவிலுள்ள 'அ'வை விழுங்கி '-இக்லி' ஆக்கிவிடுகிறார்கள். விடைத்தாளில் விழுங்கினால் மார்க் போகும்!

முக்கிய அழுத்தம் 'கிரா'வில். 'லெக்', 'செ' இரண்டிலும் லேசாகத் தொட்டால் போதும். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகிய நமக்கு இதுதான் சிக்கல், அதிலும் ஒட்டு மாறினால் அழுத்தமும் இடம் மாறும்: 'கிராம்' என்று முடிந்தால் 'செ'யில், 'கிரஃபி' என்று முடிந்தால் அதற்கு முந்தைய 'லா'வில், 'இக்' வந்தால் 'இக்'குக்கு முந்தைய அசையில். ஃபோட்டோகிராஃப், ஃபொட்டாகிரஃபி, ஃபோட்டோகிராஃபிக் மூன்றையும் சொல்லிப் பாருங்கள், கனம் ஒவ்வோர் அசையாக நகர்வது காதிலேயே கேட்கும்.

பழகும்போது பின்னாலிருந்து தொடங்குங்கள். முதலில் 'கிராஃபிக்லி' மட்டும், அது வந்ததும் 'செஃபலோகிராஃபிக்லி', அப்புறம் 'என்', கடைசியாகத்தான் 'எலக்ட்ரோ'.