பழைய குண்டுமல்லித் தூரைப் பிரித்து நடலாமா?

பதினைந்து வருடமான குண்டுமல்லி புதராக அடர்ந்து கிடக்கிறது, பூ மட்டும் கைப்பிடிக்கும் தேறவில்லை, பிடுங்கிவிடலாமா அல்லது தூரைப் பிரித்து நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பிடுங்காதீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம், கடற்காற்று படும் மணல் நிலத்தில்தான் எங்கள் வீடும் இருக்கிறது. பல மாவட்டங்களுக்கு மல்லிகைக் கன்று அனுப்பும் தங்கச்சிமடத்திலிருந்து அம்மா வாங்கி வந்து கிணற்றடியில் வைத்த செடி, இருபது வருடத்துக்கு மேலாகியும் இன்றும் பூக்கிறது.

மல்லிகை புதுத்தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். முற்றிய கிளைகளே நிறைந்த செடியில் தளிருக்கு இடமில்லாததால் பூ குறைகிறது. ஆகவே முதல் வேலை கவாத்து. நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. விட்டு மேலே உள்ளதை வெட்டிவிட வேண்டும் என்பது பொதுவான முறை. நம் பக்கம் கார்த்திகையிலும் மழை கொட்டுவதால், வெட்டுவாய் நனைந்து அழுகாதிருக்க, நான் இரண்டு நாள் நல்ல வெயில் கண்ட பிறகே அரிவாளைத் தொடுவேன். எந்தக் கிளையில் உயிர் இருக்கிறது என்று தெரியாவிட்டால் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக ஈரம் தெரிந்தால் அந்தக் கிளையை விட்டுவையுங்கள்; பழுப்பாக உலர்ந்திருந்தால் அடியோடு அறுத்துவிடலாம்.

இனி, பிரிப்பது. வெட்டிவேர், எலுமிச்சைப்புல் போன்றவற்றின் தூரைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் வேரோடு வரும். மல்லிகை அப்படிப்பட்டதன்று, நடுத்தூரைக் கடப்பாரையால் பிளந்தால் இரண்டு பாதியும் பட்டுப்போகும் அபாயம் உண்டு. ஆனால் பழைய செடியின் ஓரக் கிளைகள் மண்ணில் படிந்து, கணுவில் தாமே வேர்விட்டிருக்கும். புதரை விலக்கிச் சருகை ஒதுக்கினால், கணுவுக்குக் கீழே நூல் போல வெளுத்த வேர் மணலைப் பற்றியிருப்பதைக் காணலாம். ஐப்பசி மழையில் மண் ஊறியிருக்கும்போது, அந்த இடத்துக்கும் தாய்ச்செடிக்கும் நடுவே கிளையை அறுத்து, வேரைச் சுற்றிய மண்ணோடு பெயர்த்தெடுங்கள். படிந்த கிளை இல்லையென்றால், ஒரு கிளையை வளைத்து, கணுவருகே பட்டையைச் சிறிது கீறி மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்துப் பதியன் போடலாம்.

வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு. அந்தச் செடியிலிருந்து கன்று எடுக்காதீர்கள்; புதுக்கன்று வாங்கி வேறு இடத்தில் வையுங்கள்.

நடும் குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம் இருக்கட்டும். செடிக்குச் செடி நாலடி இடைவெளி போதும். நம் மணலில் தண்ணீரும் உரமும் தங்காது என்பதால், 10 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கண்மாய்க் கரம்பை (அடியில் படியும் வண்டல் மண்) இரண்டு கூடையாவது கலந்து போடுங்கள். கவாத்து செய்த தாய்ச்செடிக்கும் இதே அளவு தொழுவுரம் வேண்டும். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் கரைத்து இலையில் தெளித்தால் சரியாகும்.

கோடையில் கிணற்று நீர் உவர்ப்பேறி இலையோரம் கருகத் தொடங்கினால், குடிக்க எடுக்கும் நல்ல தண்ணீரிலேயே ஒரு குடம் ஒதுக்கி ஊற்றுங்கள். எங்கள் அம்மா அப்படித்தான் காப்பாற்றினார். வெட்டிய செடி பங்குனியில் மொட்டெடுத்தது.