வாசகர் கேள்விகள்: இணை சேர்தலும் இணை பிரிதலும்

கேள்வி: என் மகள் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். "இன்று ஒரு பறவையைப் பார்த்தேன்" என்று கணவரிடம் சொல்ல வேண்டுமாம். அவர் "என்ன பறவை, எங்கே?" என்று ஆர்வத்தோடு கேட்டால் உறவு உறுதியாக இருக்கிறது என்று பொருளாம். நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றார். எங்களுக்குத் திருமணமாகி 22 ஆண்டுகள் ஆகின்றன. இந்தச் சோதனைக்கு உண்மையிலேயே ஆய்வு ஆதாரம் உண்டா?
– ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: சோதனை சமூக ஊடகங்களில் பரவியது, ஆனால் அதன் வேர் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜான் காட்மன், ஒரு சிறிய குடியிருப்பைப் போலவே அமைந்த ஆய்வுக்கூடத்தை ஏற்படுத்தி, 1990ஆம் ஆண்டில் புதிதாக மணமுடித்த 130 தம்பதியரை ஒரு நாள் அங்கே தங்கச் செய்தார். அவர்கள் வழக்கம்போலச் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏதோ ஒன்றைச் சுட்டி "அதைப் பாரேன்" என்று சொல்லும்போது மற்றவர் முகம் திருப்பிப் பார்க்கிறாரா, பேசாமல் விட்டுவிடுகிறாரா, எரிந்து விழுகிறாரா என்பதையே ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பின் விசாரித்தபோது, சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அந்த நாளில் இத்தகைய அழைப்புகளுக்கு 100க்கு 86 முறை செவிசாய்த்திருந்தார்கள் என்றும், பிரிந்துபோனவர்கள் 33 முறை மட்டுமே செவிசாய்த்திருந்தார்கள் என்றும் காட்மன் எழுதினார்.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். இவை நாள் முழுவதும் எண்ணிப் பார்த்த கணக்கே தவிர, ஒரே ஒரு பதிலின் மதிப்பெண் அல்ல. நிலைத்து நின்ற தம்பதியரும் 100க்கு 14 முறை கவனிக்காமல் விட்டவர்கள்தாம். உங்கள் கணவரின் "ம்" அந்தப் பதினான்கில் ஒன்றாக இருக்கலாம். மேலும், மணமுறிவை 90 சதவீதத்துக்கு மேல் துல்லியமாக முன்கூட்டியே சொல்ல முடியும் என்று இத்துறையில் எழுந்த கூற்றை 2001ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹேமன், ஏமி சிலெப் என்ற இரு ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தினார்கள். யார் பிரிந்தார்கள் என்பது தெரிந்த பிறகு அந்தத் தரவுக்கே பொருந்துமாறு அமைத்த சமன்பாட்டை வேறு தம்பதியரிடம் பொருத்திப் பார்த்தால், பிரிவார்கள் என்று அது குறித்தவர்களுள் உண்மையில் பிரிந்தவர்களின் விகிதம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். ஆகவே அன்றாடக் கவனம் உறவோடு நெருங்கிய தொடர்புடையது என்பதை நான் ஏற்கிறேன். அதை ஒரு நொடியில் அளந்துவிடலாம் என்பதை ஏற்கவில்லை. வாசல் வேம்பில் மெய்யாகவே ஒரு மாங்குயில் வந்து அமரும் நாளில் அவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். சோதிப்பதற்காகச் சொன்னதை விட, காட்ட வேண்டும் என்ற ஆசையில் சொல்வதற்குப் பதில் வேறாக வரக்கூடும்.

கேள்வி: பறவைகளிலும் மணமுறிவு உண்டு என்றும், அதற்குக் காலநிலை மாற்றம் காரணம் என்றும் செய்திகளில் படித்தேன். விலங்கியல் மாணவனாகிய எனக்கு இதில் ஓர் ஐயம்: இப்படிப்பட்ட ஆய்வுகளால் பறவைகளைக் காப்பதற்கு ஏதேனும் பயன் உண்டா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: நீங்கள் படித்த செய்தி, தென் அட்லாண்டிக் கடலில் உள்ள பாக்லாந்துத் தீவுகளில் கருப்புப் புருவ ஆல்பட்ராஸ் என்னும் கடற்பறவையைப் பற்றி 2021இல் வெளிவந்த ஆய்வாக இருக்க வேண்டும். பிரான்செஸ்கோ வெந்துராவும் அவருடைய குழுவினரும் 15 ஆண்டுகளில் 15,500 இணைகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இரண்டு பறவைகளும் உயிரோடு இருக்கும்போதே ஒன்று வேறு துணையுடன் கூடு கட்டினால் அதைத்தான் ஆய்வாளர்கள் மணமுறிவு என்கிறார்கள். அது சராசரியாக 100க்கு 4க்கும் குறைவாகவே இருந்தது. கடல்நீர் வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 8 ஆக உயர்ந்தது. குஞ்சு பொரிக்கத் தவறிய இணைகள் பிரிவது முன்பே தெரிந்த செய்தி. ஆனால் வெப்பம் மிகுந்த ஆண்டுகளில், முந்தைய பருவத்தில் குஞ்சு வளர்த்துக் கரையேற்றிய பெண் பறவைகளும் துணையை மாற்றிக்கொண்டதுதான் புதிய கண்டுபிடிப்பு. இரை தேடி வெகுதொலைவு செல்லும் பறவை பருவம் தவறித் திரும்புவது ஒரு காரணமாக இருக்கலாம். பட்டினியால் விளையும் உடல் நெருக்கடி மற்றொரு காரணமாக இருக்கலாம். இவை ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களே தவிர, நிறுவப்பட்ட முடிவுகள் அல்ல.

பயன் கட்டாயம் உண்டு. ஆல்பட்ராஸ் ஒரு பருவத்தில் ஒரே ஒரு முட்டைதான் இடும். புதிய துணையைத் தேடுவதில் ஒரு பருவம் வீணாகவும் கூடும். தலைகளை மட்டும் எண்ணினால் தீவில் பறவைகள் நிறைய இருப்பதாகவே தோன்றும்; இணைகளை எண்ணினால்தான் எத்தனை முட்டை அடைகாக்கப்படுகிறது என்பது விளங்கும்.

கூண்டில் வளர்த்துப் பெருக்கும் திட்டங்களுக்கும் இது பொருந்துகிறது. ஜெர்மனியின் சீவீசனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் 2015ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், வரிக்குருவிகளில் சிலவற்றைத் தாமே துணை தேர விட்டார்கள். சில இணைகளைப் பிரித்து, வேறு துணையோடு சேர்த்து அடைத்தார்கள். தாமே தேர்ந்த இணைகள் 37 சதவீதம் கூடுதலான குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கின. சேர்த்து வைக்கப்பட்ட இணைகளில் கருவுறாத முட்டைகள் மிகுதியாக இருந்தன. பொரித்த இரண்டொரு நாளில் இறந்த குஞ்சுகளும் மிகுதி. மரபணுப் பட்டியலைப் பார்த்தே அரிய பறவைகளுக்கு இணை குறிக்கும் வளர்ப்பிடங்கள் இதை ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இதை வைத்து நம் வீடுகளில் பெரியோர் பேசி முடிக்கும் திருமணங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முனைவது மட்டும் தவறு. குருவியின் ஆய்வு குருவிக்கே உரியது.

கேள்வி: ஆனைமலைப் பகுதியில் இருவாச்சி இணையில் ஒன்று இறந்தால் மற்றொன்றும் உயிரை விட்டுவிடும் என்று சொல்கிறார்கள். இது உண்மையா? எங்கள் தோட்டத்தை ஒட்டிய காட்டில் ஓர் ஆண் இருவாச்சி ஒரே மரத்துக்கு நாள்தோறும் வந்து போகிறது. நான் ஏதேனும் செய்ய வேண்டுமா?
– ஒரு வாசகர், வால்பாறை

பதில்: ஒரு பருவத்தில் மட்டும் அந்தப் பேச்சு உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது. பெரிய இருவாச்சியின் பெண் பறவை, முதிர்ந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் இரைக் கூழையும் கொண்டு வாயிலை அடைத்துவிட்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைக்கிறது. உள்ளே இருக்கும் காலத்தில் அதன் பறக்கும் சிறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அதனால் வெளியே வந்து இரை தேடும் நிலையிலும் அது இல்லை. மூன்று நான்கு மாதங்களுக்கு, அத்திப்பழமும் பிற இரையும் தொண்டையில் சுமந்து வந்து ஊட்டும் ஆண் ஒன்றே அந்தக் குடும்பத்துக்கு ஆதாரம். அந்த நாள்களில் ஆணைச் சுட்டுவிட்டால் அடைபட்ட தாயும் குஞ்சும் பட்டினியால் மடியக்கூடும். துயரத்தால் உயிர்விடுவதாக மக்கள் எண்ணியது இதைக் கண்டுதான் என்று நினைக்கிறேன். மற்றக் காலங்களில் துணையை இழந்த பறவை மடிந்துவிட வேண்டியதில்லை.

உங்கள் மலையிலேயே 1990களில் ரகுபதி கண்ணன் இப்பறவையின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்திருக்கிறார். ஏற்ற பொந்து கிடைத்தால் இருவாச்சிகள் ஆண்டுதோறும் அதே மரத்துக்குத் திரும்புவதால், அந்த ஒரு மரம் விழுந்தால் ஓர் இணையின் பல ஆண்டு இனப்பெருக்கம் தடைப்படலாம். 2018இல் பெரிய இருவாச்சியின் நிலை, உலக அளவில் அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களின் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அண்டையிலுள்ள கேரளத்தின் வாழச்சால் காடுகளில் காடர் மக்களும், அருணாசலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் நிஷி மக்களும் ஒவ்வொரு கூட்டு மரத்தையும் அறிந்து வைத்துக் காவல் செய்கிறார்கள்.

நீங்கள் கண்டது பெரும்பாலும் கூட்டு மரமாகவே இருக்கும். அடியில் நின்று படம் எடுக்க வேண்டாம். ஆள் நடமாட்டம் கண்டால் ஆண் இரையோடு வெகுநேரம் ஒதுங்கியே நிற்கும், உள்ளே இருப்பவை பசியோடு காத்திருக்கும். மரம் நிற்கும் இடத்தை வனச்சரக அலுவலகத்தில் மட்டும் தெரிவியுங்கள், சமூக ஊடகத்தில் எழுத வேண்டாம். தொலைவிலிருந்து பார்க்க முடியுமானால் ஆண் வந்து போகும் நேரத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே மரத்துக்கு அது வந்தால் எங்களுக்கு எழுதுங்கள்.