மண் வெட்டியும் மிச்சமில்லையே?

கேள்வி: லீசிங்கில் பெக்கோ (மண் வெட்டும் மெசின்) எடுத்து அத்திவாரம், தொட்டிக்குழி வெட்டிக் கொடுக்கிறேன். மட்டக்களப்புக் கல்லடியில் 30 அடி நீளம், 20 அடி அகலம், 5 அடி ஆழத்தில் ஒரு தொட்டிக்குழியை மொத்த விலைக்குப் பொறுப்பெடுத்தேன். முடிவில் டீசல் காசுகூட மிஞ்சவில்லை. இரண்டாவது மெசின் எடுத்தால் சரிவருமா?
- வாசகர், ஆரையம்பதி

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. விலை சொன்ன அன்றே நட்டம் வந்துவிட்டது.

வரைபடத்தில் அந்தக் குழி 3000 கனஅடி, அதாவது 30 கியூப். கல்லடி மணல் நேராக நிற்குமா? ஓரடி ஆழத்துக்கு ஓரடி சரிவு விட்டால் மேல்வாய் 40க்கு 30 அடியாகிவிடும். வெட்டும் மண் ஏறத்தாழ 44 கியூப். ஈர மணலுக்கு அந்தச் சரிவும் காணாது. வெட்டிய மண் இளகிப் பெருகுவது வேறு. படுவான்கரைப் பக்கத்துக் களிமண்ணென்றால் நாலில் ஒரு பங்குகூடக் கூடும், டிப்பர்காரர் அதற்கும் சேர்த்துத்தான் காசு கேட்பார். தொட்டி கட்டிய பிறகு சுற்றிவர மண் நிரப்பும் வேலையும் உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும்.

செலவு மிச்சமென்று சுவரை மட்டும் நேராக வெட்டிவிடாதீர்கள். ஒரு கியூப் ஈர மணல் சுமார் 5 தொன். உள்ளே நிற்பவர் மேல் அது சரிந்தால் எந்தக் காசும் ஈடாகாது.

கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். விலை சொல்லுமுன் ஒரு சோதனைக் குழி வெட்டிப் பாருங்கள். தண்ணீர்ப் பம்பிக்கு மணிக்கணக்கில் தனிக் காசு என்று எழுதி வாங்குங்கள்.

இனி மெசின் கணக்கு. தவணை, ஒப்பரேட்டர் சம்பளம், காப்புறுதி எல்லாம் மாதம் 3 இலட்சம் என்று வையுங்கள். 150 மணித்தியாலம் ஓடினால் மணிக்கு 2000 ரூபாய் விழும். 75 மணித்தியாலம்தான் ஓடினால் 4000. டீசல், டயர், பக்கெட் பல் எல்லாம் அதற்கு மேலே. நவம்பர் முதல் ஜனவரி வரை மழையில் மெசின் சும்மா நிற்கும், தவணை நிற்காது. ஒன்பது மாத உழைப்பில் பன்னிரண்டு தவணையும் கட்ட முடிகிறதா என்று முதலில் இந்த ஒரு மெசினிலேயே பாருங்கள். கோடை முழுக்க வேலையைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தால்கூட, முதலில் இன்னொருவரின் பெக்கோவை வாடகைக்கு எடுத்துச் செய்யுங்கள்.

பாதிக் காசு கைக்கு வராமல் மெசினை இறக்கவும் வேண்டாம்.