நட்சத்திரமாவேன் என்று நிற்கும் மகன்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் மகன் நடிகனாகி நட்சத்திரமாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்; தடுக்க மனமில்லை, விடவும் துணிவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் ஆசையில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. நடிப்பு ஒரு தொழில். பயிற்சி பெறலாம், ஆடிஷனுக்குப் போகலாம், சம்பளம் வாங்கலாம். நட்சத்திரமாவது அந்தத் தொழிலில் மிகச் சிலருக்கு நேர்வது. முதலாவதற்கு என்னால் வழி சொல்ல முடியும். இரண்டாவதற்கு யாராலும் முடியாது. முடியும் என்று சொல்லிப் பணம் கேட்பவரை வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

கதை என்னவென்று தெரியாமலேயே, இவர் இருக்கிறார் என்பதற்காக மட்டும் டிக்கெட் வாங்க வைப்பவர் யாரோ, அவர்தான் நட்சத்திரம். அந்தப் பெயரை நம்பித்தான் தயாரிப்பாளர் கடன் வாங்குகிறார், விநியோகஸ்தர் முன்பணம் கொடுக்கிறார். ஆகவே, இதைத் திறமைக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணாக அவன் எண்ணக் கூடாது. அபாரமான நடிகர்கள் பலர் கடைசிவரை குணச்சித்திர வேடங்களிலேயே நடித்து, நிறைவாக வாழ்ந்திருக்கிறார்கள்.

சினிமா பிறந்தபோது நட்சத்திரங்கள் இல்லை. அமெரிக்காவில் தொடக்க ஆண்டுகளில் நடிகர்களின் பெயரைத் திரையில் போடும் வழக்கமே கிடையாது. ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ் என்ற நடிகையை மக்கள் படக் கம்பெனியின் பெயரால், ‘பயோகிராஃப் பெண்’ என்றுதான் அறிந்திருந்தார்கள். 1909-இல் கார்ல் லெம்லி என்ற தயாரிப்பாளர் அவரைத் தன் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார். 1910-இல், லாரன்ஸ் விபத்தில் இறந்துவிட்டார் என்று வதந்தி பரவியது. அது பொய் என்று லெம்லி விளம்பரம் கொடுத்தார். பிறகு செயின்ட் லூயிஸ் நகரில் அவரை நேரில் தோன்றச் செய்தார். பார்க்கக் கூட்டம் அலைமோதியது. அந்த வதந்தியைக் கிளப்பியதே லெம்லிதான் என்கிறார்கள் சினிமா வரலாற்றை எழுதியவர்கள். அதே லாரன்ஸ் 1930-களில் சின்னஞ்சிறு வேடங்களில் நடித்துக்கொண்டிருந்தார். நட்சத்திரமாக்கும் கைகள் வேறு யாருடையவோ என்பதையும், அந்த இடம் நிலையானதல்ல என்பதையும் உங்கள் மகன் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

விளம்பரம் மட்டும் போதுமா என்றால், போதாது. சார்லி சாப்ளின் 1914-இல் வாரம் 150 டாலருக்கு வேலைக்குச் சேர்ந்தார். 1916-இல் அவருடைய வாரச் சம்பளம் 10,000 டாலர். இடைப்பட்ட காலத்தில் அவர் ஏராளமான குறும்படங்களில் நடித்தார். தொளதொளத்த கால்சட்டை, கைப்பிரம்பு, அந்த நடை. கதைகள் மாறின, அந்த மனிதன் மாறவில்லை. மக்கள் அவனைப் பார்க்கத் திரும்பத் திரும்ப வந்தார்கள். பெரும்பாலான நட்சத்திரங்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். அதற்கு ஒரு விலையும் உண்டு. தனக்குப் பிடித்த அதே ஆளையே ரசிகர் மறுபடியும் கேட்பார். விதவிதமான மனிதர்களாக மாறிப் பார்ப்பதில்தான் உங்கள் மகனுக்கு இன்பம் என்றால், நட்சத்திர இடமே அவனுக்குக் கூண்டாகிவிடலாம். அவனுக்கு எது வேண்டும் என்று கேளுங்கள், பதிலை அவசரப்படுத்தாதீர்கள்.

காலமும் ஒத்துழைக்க வேண்டும். அமிதாப் பச்சன் 1969-இல் அறிமுகமானார். அடுத்தடுத்துப் படங்கள் தோற்றன. 1973-இல் கோபம் கனன்றுகொண்டிருக்கும் காவல் அதிகாரி வேடம் கிடைத்தது. முகமும் குரலும் முன்பிருந்தவைதான். விலைவாசியும் வேலையின்மையும் மக்களை வாட்டிய காலத்தில் அந்தக் கோபத்தைத் தங்களுடையதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதை எந்தப் பயிற்சிப் பள்ளியும் கற்றுத் தராது.

காத்திருப்பு எவ்வளவு நீளும்? எம்.ஜி.ஆர். 1936-இல் திரைக்கு வந்தார்; கதாநாயகன் வேடம் 1947-இல்தான் கிடைத்தது. ஹாரிசன் ஃபோர்டு முதன்முதலாகத் திரையில் தோன்றியது 1966-இல். உலகம் அவரைத் தெரிந்துகொண்டது 1977-இல். நடுவில் தச்சு வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். இந்தச் செய்தியை நான் எல்லாப் பெற்றோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். கைத்தொழில் ஒன்று தெரிந்தவனால் காத்திருக்க முடியும். மோசமான வேடத்தை வேண்டாம் என்று சொல்லவும் முடியும். அதனால் பட்டப்படிப்போ, நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளக்கூடிய ஒரு தொழிலோ அவனுக்குக் கட்டாயம் வேண்டும். கூடவே நாடகக் குழு ஒன்றில் சேரட்டும். குரல், உச்சரிப்பு, உடல்மொழி, இன்னொரு மொழி ஆகியவற்றில் போடும் உழைப்பு வீண்போகாது. டப்பிங்கிலும் கற்பித்தலிலும்கூட அது சோறு போடும்.

ஆடிஷனுக்குக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முகவரின் பங்கு அவன் சம்பாதித்ததிலிருந்து போக வேண்டுமே தவிர, உங்கள் சேமிப்பிலிருந்து அல்ல. ஒப்பந்தம் வந்தால், எத்தனை ஆண்டுகளுக்கு, வேறு படங்களில் நடிக்கத் தடை உண்டா என்பதை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். புகழ்பெற்ற நடிகையான ஒலிவியா டி ஹாவிலண்டே 1940-களில் நீதிமன்றம் போய்த்தான் தன் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டார்.

அவன் வளர்ச்சியைப் புகைப்படத்துக்கு விழும் விருப்பக்குறிகளால் அளக்க வேண்டாம். ஒருமுறை அவனோடு வேலை செய்த இயக்குநர் மறுபடியும் கூப்பிடுகிறாரா என்று பாருங்கள். மூன்று ஆண்டுகளில் அப்படி இரண்டு பேராவது கூப்பிட்டால், அவன் சரியான தொழிலில் இருக்கிறான். ஒருவரும் கூப்பிடவில்லை என்றால் அப்போது மூவரும் உட்கார்ந்து பேசுவோம். இப்போதைக்கு, அடுத்த சந்திப்புக்கு அவனையும் அழைத்து வாருங்கள். மனப்பாடமாகத் தெரிந்த ஒரு காட்சியை அவன் எனக்கு நடித்துக் காட்டட்டும்.