இந்துப்பில் 25 கோடி ஆண்டுக் கிருமியா?

கேள்வி: ஒரு வருடமாக எங்கள் வீட்டில் சமையலுக்கு இந்துப்பு மட்டும்தான். உப்புப் பாறைக்குள் 25 கோடி ஆண்டுப் பழைய பாக்டீரியா உயிரோடு இருந்ததாக ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதிலிருந்து தூக்கமே இல்லை. எனக்கு வாயுத் தொல்லை, நாக்கில் வெள்ளைப் படிவு. வீட்டில் மிச்சமிருந்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். மகள் மூன்று மாதக் கர்ப்பிணி. அவளுக்குக் களைப்பு, மலச்சிக்கல். கழுத்தின் முன்பக்கம் சற்று வீங்கினாற்போலவும் தெரிகிறது. அவளுக்கும் இந்த மாத்திரையைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது. நீங்களும் இன்றோடு நிறுத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்தக் கழுத்து வீக்கம்தான். நாளைக்கே மகளை அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அயோடின் சேர்க்காத இந்துப்பில் அயோடின் மிகமிகக் குறைவு. அயோடின் குறைந்தால் கழுத்தின் முன்பக்கமுள்ள தைராய்டு சுரப்பி வீங்கலாம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவின் தைராய்டு வேலை செய்யத் தொடங்கும்வரை குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனே ஆதாரம். அதனால்தான் இந்த முதல் மாதங்களில் ஒரு வாரத்தைக்கூட வீணாக்க வேண்டாம் என்கிறேன். கர்ப்பத்தில் தைராய்டு லேசாகப் பெருப்பது உண்டு, அயோடின் குறைவு தவிர வேறு காரணங்களும் உண்டு. எதுவென்று பரிசோதித்தால்தான் தெரியும். அயோடின் சொட்டு மருந்து, கடற்பாசி மாத்திரை என்று நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மிஞ்சினாலும் தைராய்டு கெடும்.

இனி அந்த வீடியோ. 2000-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், நிலத்தடி உப்புப் படிகத்துக்குள் இருந்த நீர்த்துளியிலிருந்து ஒரு பாக்டீரியாவை வளர்த்ததாக அறிவித்தார்கள். அது உண்மையிலேயே அவ்வளவு பழையதா, பிற்காலத்தில் புகுந்ததா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. அங்கிருந்து யாருக்கும் நோய் வந்ததாகச் சொல்லப்படவே இல்லை. அந்தப் பகுதியின் உப்பில் செல்லுலோஸ் நார்களும் கிடைத்திருக்கின்றன. பழைய உப்பில் பெரும்பாலும் எஞ்சுவது இப்படிப்பட்ட மூலக்கூறுத் தடயங்கள்தான்: செல்சுவரின் நார், சவ்வின் கொழுப்பு, சிதைந்த நிறமி. இவை பெருகாது, தொற்றாது. கலிபோர்னியாவின் டெத் வேலியில் சுமார் 34,000 ஆண்டுப் பழைய உப்பிலிருந்து உயிருள்ள நுண்ணுயிர்களை வளர்த்திருக்கிறார்கள். அவை அடர்ந்த உப்பிலேயே வாழும் ஆர்க்கியா வகை, அதாவது பாக்டீரியா அல்லாத வேறொரு நுண்ணுயிர் இனம். அந்தக் குடும்பத்தில் பல, உப்பு குறைந்த நீரில் விட்டாலே வெடித்துச் சிதைந்துவிடும். நம் ரத்தத்தின் உப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அங்கே அவற்றுக்கு என்ன பிழைப்பு? பாகிஸ்தானின் கெவ்ரா சுரங்கத்திலிருந்து வரும் இந்துப்பின் இளஞ்சிவப்பும் கிருமியால் வந்ததல்ல, இரும்பு ஆக்சைடு.

அமாக்சிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கும் மருந்து. ஆர்க்கியாவுக்கு அந்தச் சுவரே கிடையாது. ஆக, உப்பில் உயிரோடு கிடைத்த அந்த ஆர்க்கியாவிடம் நீங்கள் சாப்பிட்ட மருந்து வேலையே செய்யாது. உங்கள் குடலின் நல்ல பாக்டீரியாக்களைத்தான் கொல்லும். வாயு, வயிற்றுப்போக்கு, நாக்கில் பூஞ்சைப் படிவு எல்லாம் இந்த மருந்தாலேயே வரலாம். மாத்திரையை நிறுத்தி ஒரு வாரத்தில் படிவு போகாவிட்டால் உங்கள் மருத்துவரிடம் நாக்கைக் காட்டுங்கள். மிச்ச மருந்தை எடுத்து வைக்கும் பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள்.

இன்றிரவே சமையலுக்கு அயோடின் கலந்த உப்புக்கு மாறுங்கள். அதற்காக உப்பைக் கூட்டிப் போட வேண்டாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். மருத்துவரிடம் போகும்போது இந்துப்பு பாக்கெட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மகளுக்கு விழுங்கச் சிரமமோ மூச்சுத் திணறலோ குரல் கம்முதலோ இருந்தால், நாளைவரை காத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.